பரதேசி தேடிய தவக்காலம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நல்ல வெயில் நேரத்தில், சலவைச் சட்டையும் கையில் குடையுமாக நின்றிருந்த ஒருவர் முன்னால் போய் நின்று என் அம்மா கேட்டாள்:

"ஐயா, நீங்க பரதேசிங்களா?"

அவர் குடையை மடக்கினார். மடக்கிய குடையை அவர் பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னாது?"

"பரதேசிங்களான்னு கேட்டேங்க. பரதேசியா இருந்தா எங்க வூட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு சாப்புட்டுட்டுப் போலாம்."

"யாரப் பாத்து பரதேசிங்கற? நான் கவர்மெண்டு உத்தியோகம் பாக்குறவன். என் வூட்டுல தெனம் பத்துப் பேரு சாப்புடுறாங்க. நீ எனக்குச் சோறு போடுறியா?"

கடலை விற்றவர், முறுக்கு விற்றவர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கலங்கவில்லை. கேட்ட சாமான் இந்தக் கடையில் இல்லை என்று தெரிந்துகொண்டவளைப் போல என் பக்கம் திரும்பி, "பாப்பா, இவரு இல்லியாம்" என்றாள்.

அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை நான் இந்தப் பத்தியில் வாராவாரம் சொல்லிக்கொண்டிருப்பதாக ஒரு வாசகி அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அவர் குடும்பத்தில் முதலில் படித்தது யாரென்று அவருக்கு நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நான், என் தாய் ஓர் அரசாங்க ஊழியரைப் பரதேசி என்று அழைத்ததைப் பார்த்துக்கொண்டு ஏன் நின்றேன்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக வேண்டும்.

சாமியார் வைத்த பரீட்சை

குன்னத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊரும், அதைத் தாண்டி எங்கள் தெருவும். தெருவின் கடைசியில் ஓடு வேய்ந்த மாதா கோயில். எங்கள் ஆட்கள் அந்தக் கோயிலின் காலடியில்தான் பிறந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், கூலி அதிகம் கேட்கலாமா என்று கூடிப் பேசினார்கள்.

அந்த வருடம் புதிதாக வந்திருந்த சாமியார் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். அவர் பேசுகிற தமிழில் பாதி எங்களுக்குப் பாட்டு மாதிரி இருக்கும். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் அவர் ஒரு குண்டு போட்டார்.

வழக்கமாகத் தவக்காலத்தில் கறி மீனை விடச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அதைவிடச் சுலபமான தவம் கிடையாது. வருடத்தில் பெரும்பாலான நாள் நாங்கள் அந்தத் தவத்தில்தான் இருந்தோம். புதுச் சாமியார் அதைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது.

"இந்த வருசம் உங்களுக்கு வேற தவம். வீட்டுக்கு ஒரு பரதேசிக்குச் சாப்பாடு போடணும்" என்றார்.

பெண்கள் பக்கம் 'கொல்'லென்று சிரிப்பு. எங்கள் பக்கத்தில் பரதேசி என்றால் வசவு. வேலைக்கு நேரம் கழித்து வந்தால், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனால், மழை பெய்யாவிட்டால்கூட, பண்ணையில் அந்த வார்த்தைதான் முதலில் வரும்.

சாமியார் கையை உயர்த்தினார். "சிரிக்காதீங்க. அது வேதத்தில் வருகிற பழைய சொல். பரதேசம்னா வேற தேசம். அங்கேயிருந்து வந்தவன் பரதேசி. வாசலில் நிற்கிற அந்நியனை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தால், ஆண்டவரையே உட்கார வைத்த மாதிரி. கடைசி நாளில் உன் சாதி என்ன, சொத்து என்னன்னு அவர் கேட்கப் போவதில்லை. நான் அந்நியனா வந்தேனே, என்னைச் சேர்த்துக்கிட்டியான்னுதான் கேட்பார்."

பிறகு விதிகளைச் சொன்னார். பழகின முகமாக இருக்கக் கூடாது. வாசலில் கொடுத்து அனுப்பக் கூடாது, அது பிச்சை. உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, சாப்பிட வேண்டும்.

ஆண்கள் பக்கம் பின் வரிசையிலிருந்து என் அப்பா பக்கத்து ஆளிடம் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது: "என்னியத்தான் பண்ணையில தெனம் பரதேசி பரதேசின்னு கூப்புடுறாங்க. எனக்கு யாரு போடுறது?"

பூசை முடிந்ததும் அம்மா நேராகச் சாமியாரிடம் போனாள். அம்மாவின் பெயர் ஆரோக்கியம். பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற குரல்.

"தோத்திரம் சாமி. சோறு போடறது பெருசில்ல. பரதேசி நம்ம தெருவுக்கு வரணுமில்ல?"

சாமியார் சிரித்தார். "பசிச்சா வரமாட்டானா, ஆரோக்கியம்?"

"பசிச்சாலும் வரமாட்டாங்க சாமி."

சாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் ஊரில் கடல் இருந்தது, கட்டுமரம் இருந்தது. எங்கள் தெரு மாதிரி ஒன்றை அவர் பார்த்ததில்லையோ, பார்த்தும் மறந்திருந்தாரோ தெரியாது.

வளையல்காரர் எங்கள் தெருமுனைப் புளியமரத்தடியோடு நின்றுவிடுவார். பாத்திரக்காரர் பழைய துணியை வாங்கிக்கொள்வார், தண்ணீரை வாங்க மாட்டார். அம்மை ஊசி போட வந்தவர் சோடா வாங்கிவரச் சொல்லிக் குடித்தார். காரணம் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சாதிதான். எங்கள் வீடு கட்டி முடித்த நாளிலிருந்து அந்த நாள் வரை, எங்கள் ஆட்களைத் தவிர ஒருவர்கூட அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்தது. அம்மா அதில் யாரையும் சாப்பிட விட்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான். "வெளியாளு யாராச்சும் வந்தா போடணும்" என்று துணியில் சுற்றி வைத்திருந்தாள். தட்டு புதிதாகவே இருந்தது.

ஆகவே சாமியார் சொன்னது மற்ற பெண்களுக்கு ஒரு வேலை. என் அம்மாவுக்கு அது எத்தனையோ வருட ஆசைக்குக் கிடைத்த உத்தரவு.

ஆத்தூர் பஸ்

"பரதேசின்னு சொல்லாதம்மா, வெளியூரான்னு கேளு" என்று நான் அம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன்.

"சாமியாரு சொன்ன வார்த்தயத்தான் சொல்லணும். மாத்திச் சொன்னா கணக்குல சேராது. பூசையில வார்த்தய மாத்துனா பூசை ஆவுமா?"



குடைக்காரர் போன பிறகு, அடுத்த ஆளிடம் நானே பேசுவதென்று முடிவானது. பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் தமிழாசிரியையை மனதில் நினைத்துக்கொண்டு, சுத்தமான உச்சரிப்பில் கேட்டேன்: "ஐயா, தாங்கள் அந்நியரா?"

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "அண்ணியாரா? எங்க அண்ணியாரு செந்துறையில இருக்காங்க. நீ யாரு, அவங்க தங்கச்சி மவளா?"

அண்ணியாருக்கு மூட்டுவலி என்பது வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் அங்கிருந்து நகர முடிந்தது.

மூன்றாவது ஆள்தான் கிடைத்தார். சேலத்துப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், துணி மூட்டையோடு நின்றிருந்தார். திருச்சிக்குப் போக வேண்டும், ஆனால் அவசரமில்லை என்றார். அம்மா பரதேசி என்றதற்குக்கூடக் கோபப்படாமல் சிரித்தார். "சோத்துக்குக் கூப்புடுற ஊரையும் இப்பத்தான் பாக்குறேன். வாங்க போலாம்" என்று மூட்டையைத் தூக்கிவிட்டார்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நாலு எட்டு நடந்ததும் அவர் சாதாரணமாகக் கேட்டார். "எந்த ஊரு சொன்னீங்க? ஊர்ல எந்தத் தெரு?"

அம்மா சொன்னாள். மாதா கோயில் தெரு என்று சொன்னாள்.

அவர் மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "அடடா, என் பஸ்ஸு வந்துடுச்சே!" என்று ஓடினார். ஓடிப்போய், திருச்சிக்குப் போக வேண்டியவர், ஆத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

 எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது அம்மா கேட்டாள்.

"பாவம், ஆத்தூருல எறங்கி அந்தாளு என்னா பண்ணுவாரு?"

ஓடையில் ஒருவர்

தவக்காலம் பாதிக்கு மேல் போய்விட்டது. தெருவில் ஒரு வீட்டுக்கும் பரதேசி அமையவில்லை. எதிர்வீட்டு ரோசாலி பெரியம்மா தன் கொழுந்தனாரின் சம்பந்தியைக் கூட்டிவந்து உட்கார வைத்து, "எனக்கு இவரத் தெரியவே தெரியாது" என்று சாதித்துப் பார்த்தாள். எடுபடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. பரீட்சைக்குப் படிக்க எங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். பருத்தி எடுக்கப் போன அம்மா, மடி நிறையப் பருத்தியோடு பாதியில் ஓடி வந்தாள்.

"பிலோமி! பொஸ்தகத்த வையி! ஓடையில ஒரு பரதேசி! நெசப் பரதேசி!"

எங்கள் ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் தண்ணீரும் மற்றக் காலத்தில் கல்லும் உள்ள ஓடை அது. கரையைக் கீறினால் நத்தை மாதிரி, சிப்பி மாதிரிக் கற்கள் உதிரும். கல்லாய்ப் போன நத்தைகள். ஒரு காலத்தில் இந்த நிலமெல்லாம் கடலாக இருந்ததாக எங்கள் சயின்ஸ் டீச்சர் சொன்னார். நான் அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னபோது, மானாவாரிப் பருத்தியை நம்பிப் பிழைத்த என் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவ்ளோ தண்ணியயும் யாருடி எடுத்துட்டுப் போனது?"

அந்த நத்தைகளைத் தேடித்தான் அவர் வந்திருந்தார். அரைக்கால் சட்டையும், துணித் தொப்பியும், கையில் சின்னச் சுத்தியலுமாக ஒரு வெள்ளைக்காரர். தொலைவில் ஒரு ஜீப், அதில் சாய்ந்து பீடி பிடிக்கும் டிரைவர்.

நாங்கள் போவதற்குள் ரோசாலி பெரியம்மா அங்கே சொம்போடு நின்றிருந்தாள். வெள்ளைக்காரர் அவள் கொடுத்த மோரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்.

"என் மோரக் குடிச்சிட்டாரு. இவரு என் பரதேசி" என்றாள் பெரியம்மா.

"மோரு கணக்கில்லக்கா. பாயில உக்காரணும்" என்றாள் அம்மா. "பிலோமி, பேசுடி. எதுக்கு ஒன்னயப் படிக்க வச்சது?"

நான் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஓடைக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை உருட்டிக்கொண்டு வந்திருந்தேன். "குட் மார்னிங் சார். யூ ஆர் எ ஸ்ட்ரேஞ்சர். ப்ளீஸ் கம் டு அவர் ஹவுஸ் ஃபார் ஈட்டிங்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார். "யெஸ். தேங்க் யூ. ஐ ஆம் வெரி ஹங்க்ரி" என்றார்.

அவ்வளவுதான். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு கேள்வி இல்லை. என் இங்கிலீஷ் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்தது. நான் தரையில் இல்லை.

அதற்குள் டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. அரியலூர்க்காரர், நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவர் பெயரைக் கலியமூர்த்தி என்று வைத்துக்கொள்கிறேன்; உண்மைப் பெயர் வேறு. ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும்.

"பாப்பா, சாரு வெளியில எங்கயும் சாப்புட மாட்டாரு. ரொட்டி கொண்டாந்திருக்காரு" என்றார்.

"சார், டிரைவர் ஸேஸ் யூ ஆர் நாட் ஈட்டிங்" என்றேன்.

"ஐ ஈட் எவ்ரிதிங்" என்றார் வெள்ளைக்காரர். உச்சி சாய்ந்ததும் வருவதாகச் சூரியனைக் காட்டிச் சொன்னார்.

கலியமூர்த்தியின் விரதங்கள்

ஈஸ்டருக்கென்று வளர்த்த சேவல் அன்றைக்கே போயிற்று. "தவக்காலத்துல கோழியாடி?" என்று ரோசாலி பெரியம்மா கேட்டாள். "தவக்காலம் நமக்குத்தாங்க்கா. பரதேசிக்கு எது தவக்காலம்?" என்றாள் அம்மா. வேத பாடத்தில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் அப்புறமும் கேட்டதில்லை.

நாங்கள் சமைக்கலாம், வாயில் வைக்கக்கூடாது. மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்த அந்தக் குழம்பின் வாசனையில், பாடப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், என் வாழ்நாளின் கடுந்தவம் அதுதான்.

வெள்ளைக்காரர் குனிந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார். குழம்புச் சட்டியைப் பூனை உருட்டாமலிருக்க மூடிமேல் அம்மா ஒரு கல் நத்தையை வைத்திருப்பாள். அதைப் பார்த்ததும் அவர் ஒரு சத்தம் போட்டார். இரண்டு கையாலும் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னமோ பெயர் சொன்னார்.

"என்னாடி சொல்றாரு?"

"அந்தக் கல்லு ரொம்ப நல்லாருக்காம்."

"எடுத்துக்கச் சொல்லு. பூனைக்கு வேற கல்லு வச்சுக்குறேன்."

பாய் விரித்து, அம்மா எவர்சில்வர் தட்டைத் துணியிலிருந்து எடுத்தாள். எனக்கே அதன் முகம் மறந்து போயிருந்தது. தெரு முழுக்க எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. ஜீப் எதிரே வேப்ப மரத்தடியில் நின்றது. கலியமூர்த்தி அதைவிட்டு இறங்கவில்லை.

அம்மா வாசலைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டாள். "வாங்க தம்பி, நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க."

"இல்லிங்க, எனக்கு வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லன்னா மிளகு ரசம் வச்சிருக்கேன்."

"இல்லிங்க, வெரதம்."

"என்னா வெரதம்?"

"வெள்ளிக்கெழம வெரதம்."

"இன்னிக்குச் செவ்வாக்கெழமங்க."

கலியமூர்த்தி ஸ்டியரிங்கைத் துடைத்தார். "செவ்வாயும் உண்டு."

அம்மா உள்ளே வந்து என் காதில் சொன்னாள். "அந்தாளுக்கு வாரம் பூரா வெரதம் போலருக்கு. ஆனா மூக்கு மட்டும் நம்ம அடுப்புப் பக்கமே இருக்குது." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.  "தொர சாப்புடறது சரிதாண்டி. அவருக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாந் தெரிஞ்சவன் ஒருத்தன் வெளியில உக்காந்திருக்கான் பாரு. அவன் சாப்புட்டாத்தான் எனக்குச் சோறு போட்ட மாதிரி."

எனக்கு அந்த நேரம் அம்மாமேல் எரிச்சல்தான் வந்தது. கடல் தாண்டி வந்தவர் நம் பாயில் உட்கார்ந்திருக்கிறார், அதை விட்டுவிட்டு அரியலூர் டிரைவருக்கு ஏங்குவானேன்?

சூடும் காரமும்

வெள்ளைக்காரர் தட்டைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இஸ் இட் ஹாட்?"

'ஹாட் என்றால் சூடு' என்று ஆறாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவள் நான். தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. "நோ சார், நாட் ஹாட்" என்று உறுதியாகச் சொன்னேன்.

அவர் என்னை நம்பி, குழம்பை நன்றாகப் பிசைந்து, பெரிய கவளமாக வாயில் போட்டார்.

முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. அப்புறம் கண்ணிலும் மூக்கிலும் ஒரே சமயத்தில் தண்ணீர். இரும ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வாசலில் நின்ற தெரு "ஐயோ தொர!" என்று அலறியது.

ஜீப்பிலிருந்து கலியமூர்த்தி குதித்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒரு செருப்பு கழன்று தெருவிலேயே கிடக்க, வீட்டுக்குள் பாய்ந்தார். "தண்ணி! தண்ணி எங்க?" என்று அவரே எங்கள் பானையில் சொம்பை முக்கி எடுத்து, வெள்ளைக்காரரின் தலையைப் பிடித்துப் புகட்டினார். முதுகில் தட்டினார். "சார், சார், மெதுவா சார்."

இருமல் அடங்கியது. வெள்ளைக்காரர் கண்ணைத் துடைத்தார். தட்டைப் பார்த்தார். சிரித்தார். "குட்! வெரி குட்! மோர்! மோர்!" என்றார்.

"பாத்தியாடி ஆரோக்கியம்!" என்று வாசலிலிருந்து ரோசாலி பெரியம்மாவின் குரல். "என் மோரக் கேக்குறாரு!" சொம்போடு அவள் உள்ளே வந்துவிட்டாள். இன்னும் வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார் என்று நான் விளக்குவதற்குள் அவர் மோரைக் குடித்து முடித்திருந்தார். பார்க்கப் போனால் அவருக்கு அப்போது தேவைப்பட்டதும் அதுதான்.

எல்லோரும் சிரித்தோம். கலியமூர்த்தியும் சிரித்தார். அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார்.

எங்கள் வீட்டு நடுவில், எங்கள் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெளியே போக வாசலைப் பார்த்தார். அங்கே வாசல் இல்லை, தலைகள்தான் இருந்தன.

அம்மா அடுப்புப் பக்கம் போனாள். அப்பாவின் அலுமினியத் தட்டைக் கழுவி, பாயின் மறு ஓரத்தில் வைத்தாள்.

"எனக்கு… வெரதம்…" என்றார்.

"காலையில என்னா சாப்புட்டீங்க?"

"அரியலூருல ஒரு டீ."

 வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்து, பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினார்.

கலியமூர்த்தி மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினார். அதை வாசற்படிக்கு வெளியே போட இடமில்லாததால், முன்னால் நின்ற ஒருவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பாதி உடம்பு பாயிலும் பாதி தரையிலுமாக உட்கார்ந்தார்.

"கொஞ்சமா போடுங்க."

அம்மா இரண்டு கரண்டி சோறும் அதற்கு மேல் குழம்பும் போட்டாள்.  

முதல் வாயை அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாவதை மெதுவாக. நாலாவதிலிருந்து அவருக்கு எங்கள் நினைவே இல்லை. தலையைத் தூக்காமல், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கொழம்பு ஊத்துங்கக்கா. உப்பு ஒரு கல்லு கம்மி."

வெள்ளைக்காரர் அன்று எத்தனையோ முறை வெரி குட் சொன்னார். அதெல்லாம் அம்மாவுக்குக் காற்றோடு போயிற்று. பிற்பாடு பல மாதம், வருவோர் போவோரிடமெல்லாம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உப்பு கம்மின்னுட்டாரு!" சாப்பாட்டைக் குறை சொல்ல ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதுவும் அக்கா என்று கூப்பிட்டுக் குறை சொன்னார். அன்று முதல் அம்மா விருந்தாளிக் குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போடுகிறாளோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

கை கழுவும்போது கலியமூர்த்தி அம்மா பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "அக்கா, நான் இங்க சாப்புட்டது வெளியில யாருக்கும் தெரிய வேணாம்."

"யாருக்கும் தெரியாது" என்றது வாசலில் நின்ற தெரு முழுவதும், ஒரே குரலில்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. செருப்பு வைத்திருந்தவர் செருப்பைக் கொடுத்தார். இன்னொன்றைச் சிறுவர்கள் ஜீப்பின் மேல் தயாராக வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

செய்தி எங்களுக்கு முன்னால் கோயிலுக்குப் போயிருந்தது. பூசை முடிந்ததும் சாமியாரே இறங்கி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஆரோக்கியம்! கேள்விப்பட்டேன். கடல் தாண்டி வந்த பரதேசியைச் சேர்த்துக்கிட்டீங்களாமே! எந்த தேசம் அவருக்கு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அது டென்மார்க். எழுத்துக்கூட்டிக்கூட வைத்திருந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"தொரையா சாமி? அவரு சும்மா கூட வந்தவரு. நமக்குக் கெடச்ச பரதேசி அரியலூருங்க."

"அரியலூரா?" சாமியார் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அரியலூர் இங்கே பக்கத்தில்தானே இருக்கு?"

"பக்கந்தாங்க சாமி" என்றாள் அம்மா. "வந்து சேரத்தான் இவ்ளோ நாளாயிருக்கு."